பழைய தளபாடத்தைச் சுரண்டிப் பொலிஷ் அடிப்பதா, விடுவதா? அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் வழி

யாழ்ப்பாணத்தில் பழைய கதிரை, அலுமாரி, பெட்டகம் திருத்துகிறவனிடம் வருகிறவர்கள் முதலில் சொல்வது ஏறக்குறைய ஒரே வசனம்தான்: "அண்ணை, இதைச் சுரண்டிப் புதுசு மாதிரி ஆக்கித் தாங்கோ." கொண்டுவந்ததைத் துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சுரண்டத் தேவையே இருக்காது. பல வருட அழுக்கும் மெழுகும் விளக்குப் புகையும் படிந்திருக்கும். அதற்குக் கீழே பழைய பொலிஷ் பத்திரமாக இருக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு சாய்மனைக் கதிரையைச் சுரண்டினேன். நல்ல முதிரை. வலக்கைப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய பள்ளம் ஒன்று இருந்தது. பழுது என்று நினைத்து மெஷின் போட்டுச் சமன் செய்து, முகம் தெரியும்படி மினுக்கி வைத்தேன். எடுக்க வந்த அம்மா கதிரையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு வலக்கைப் பலகையில் கையை வைத்துத் தடவினார். "அப்பா கை வைச்சு வைச்சுத் தேஞ்ச பள்ளம் ஒண்டு இதிலை இருந்தது தம்பி, எங்கை?" என்று கேட்டார். கூலியைத் தந்துவிட்டுக் கதிரையை ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பள்ளத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி இருக்கவில்லை.

கழுவினதை மறுபடி கழுவலாம். பூசினதை அகற்றலாம். ஒட்டினதைக்கூடப் பிரிக்கலாம். மரத்தைச் சீவினால் சீவினதுதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், சேதமும் செலவும் குறைந்த காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே வாருங்கள். எந்த இடத்தில் குறை தீர்கிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தொடங்க முன்: மேலே இருப்பது என்ன பூச்சு?

இதைத் தெரியாமல் எந்த வேலையும் தொடங்க வேண்டாம். வேண்டியவை டேர்பன்டைன், ஸ்பிரிற், தின்னர் மூன்றும் சின்னச் சின்னப் போத்தலில், கொஞ்சம் பஞ்சு, வெளிச்சம். கண்ணில் படாத இடம் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். பின்கால் உட்பக்கம், மேசைப் பலகையின் அடி விளிம்பு நல்ல இடங்கள். சாமி அறையில் விளக்கு எரிகிற நேரம் பக்கத்தில் வைத்துச் செய்யக்கூடாது. மூன்றுமே தீப்பிடிக்கும்.

முதலில் டேர்பன்டைன். பஞ்சு மண்ணிறமாகி, கீழே மினுக்கம் தெரிந்தால் மேலே இருப்பது மெழுகும் அழுக்கும்தான்.

அடுத்தது ஸ்பிரிற். நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்து எடுங்கள். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சு செம்மண்ணிறமானால் அது அரக்குப் பொலிஷ். அரக்குச் செதில்களை ஸ்பிரிற்றில் ஊறவைத்துத் துணிப் பொட்டணத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றின பழைய வேலை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் நான் பார்க்கும் நல்ல தளபாடங்களில் அனேகம் இதுதான்.

ஸ்பிரிற்றுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். அது 1920களுக்குப் பிறகே பரவலான பூச்சு. அதனால் அதற்கு முந்திய பொருளில் லாக்கர் கண்டால், ஏற்கெனவே யாரோ ஒருமுறை சுரண்டிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பொலியூரிதேன்.

வரிசையை மாற்ற வேண்டாம். தின்னர் அரக்கையும் கரைக்கும். முதலில் அதை வைத்தால் எது எதுவென்று பிரித்தறிய முடியாது.

லாச்சியையும் ஒருமுறை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பலகையைக் கையால் தடவும்போது மெல்லிய அலை தட்டினால் சீவுளியால் கையாலே சீவின பலகை. மூலைப் பொருத்துகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிதாக இருந்தால் அதுவும் கைவேலை. பலகையில் வளைவு வளைவாக வாள் கோடு இருந்தால் வட்ட வாளில் அறுத்த மரம், அவ்வளவு பழையதல்ல. பின்பக்கம் பிளைவூட் என்றால் அதைவிடப் பிந்தியது. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்ற சொற்களைப் போர்த்துக்கேயரிடமும் லாச்சி என்ற சொல்லை ஒல்லாந்தரிடமும் எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அந்தக் காலத்துப் பெட்டகமோ அலுமாரியோ உங்கள் வீட்டில் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும், இந்தச் சோதனையோடு கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கருங்காலி, கலமாந்தர் போன்ற அரிய மரங்களில் செய்த வேலைக்கும் அதேதான்.

அறிகுறி 1: மரம் கறுத்து, மரக்கோடு தெரியவில்லை

ஆகக்கூடுதலாக வருகிற முறைப்பாடு இது. சுரண்டித் தீர்க்கப்படுவதும் இதுதான். அதுதான் எனக்குக் கவலை.

*அழுக்கும் புகையுமா?* இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு கோப்பையில் சவர்க்காரத்தைத் தொட்டுக் கலக்குங்கள். பருத்தித் துணியை நனைத்து, ஒரு சொட்டும் சொட்டாதபடி பிழியுங்கள். உள்ளங்கை அளவு இடத்தைத் துடையுங்கள், உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். துணி கறுத்தால் வேலை சரியான பாதையில் போகிறது. தண்ணீரை மாற்றி மாற்றித் தொடருங்கள். குசினிக்குப் பக்கத்தில் நின்ற அலுமாரிக்கு இரண்டு நாள்கூடப் பிடிக்கும்.

*துணி கறுக்கவில்லை, ஆனால் நகத்தால் கீறினால் மெழுகு சுருளுகிறதா?* டேர்பன்டைன் தொட்ட துணியால் அதே மாதிரித் துடையுங்கள். மெழுகு மேல் மெழுகாகப் பூசின பொருள் அப்படியே வெளுத்து வரும். கடைசியில் தேன்மெழுகு கொஞ்சம் பூசி, அரை மணி நேரம் விட்டுத் தேயுங்கள்.

*இரண்டுக்கும் வரவில்லையா?* அப்படியானால் அரக்கே முதிர்ந்து கறுத்திருக்கலாம். மேசை விளக்கைக் கீழே வைத்து, மேற்பரப்புக்குச் சாய்வாக வெளிச்சம் அடியுங்கள். மினுக்கம் ஒரே சீராக இருந்தால் அதை விட்டுவிடச் சொல்வேன். பழைய முதிரையின் அந்தத் தேன் கலந்த கருமை எந்தப் போத்தலிலும் வாங்கக் கிடைக்காது. புதிதாகச் சீவின முதிரை வெளிர் மஞ்சள். வீட்டு மற்றத் தளபாடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஊர் தெரியாத ஆள் மாதிரி நிற்கும்.

மினுக்கம் திட்டுத்திட்டாக, பாதிக்கு மேல் மரமே வெளியே தெரிகிற மாதிரி இருந்தால்தான் மறுபொலிஷ் பேச்சு. அதையும் சுரண்டி அல்ல. இருக்கிற அரக்கின் மேலேயே புது அரக்கு ஏற்றலாம், அரக்கு பழைய அரக்கோடு கலந்து பிடிக்கும். இது கைப்பழக்கம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை. பொட்டணம் ஒரு நொடி நின்றால் அந்த இடத்தில் வடு விழும்.

அறிகுறி 2: மேசையில் வளையம்

வெள்ளையா, கறுப்பா என்று முதலில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு வியாதி.

*வெள்ளை வளையம்.* கூசாவோ தேத்தண்ணீர்க் கோப்பையோ வைத்த இடம். ஈரம் பூச்சுக்குள் சிக்கியிருக்கிறது, மரத்துக்குப் போகவில்லை. அரக்கு ஏறத்தாழ 75 பாகை செல்சியசில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகும். அதனால்தான் சூடான கோப்பை உடனே அடையாளம் போடுகிறது. முதலில் ஒரு கிழமை சும்மா விடுங்கள். காற்றோட்டத்தில் சிலது தானாகப் போய்விடும். போகாவிட்டால் சீலையில் அரித்த மிக நுண்ணிய விறகுச் சாம்பலை எண்ணெயில் குழைத்து, விரல் நுனியால் மரக்கோட்டின் போக்கில் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். அதற்கும் போகாவிட்டால், அரக்கு என்று உறுதியானால் மட்டும், ஸ்பிரிற் தொட்டு நன்றாகப் பிழிந்த துணியை வளையத்தின் மேலாக ஒரே இழுப்பில் கொண்டுபோங்கள். நிறுத்தவோ தேய்க்கவோ வேண்டாம்.

நகத்தில் சொரசொரவென்று தட்டுப்படுகிற வெள்ளை வேறு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. காய்ந்தால் சுண்ணாம்பு மேலே நிற்கும். பிளாஸ்ரிக் அட்டையின் விளிம்பால் பதமாகத் தட்டி எடுக்கலாம்.

*கறுப்பு வளையம்.* தண்ணீர் பூச்சைத் தாண்டி மரத்துக்குள் போய்விட்டது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரமும் சேர்ந்த கறுப்பு இது. இரும்புக் கத்தியால் வாழைப்பூ வெட்டினால் கை கறுப்பது போலத்தான். இதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. அந்தப் பலகையின் பூச்சை மட்டும் எடுத்து, ஒக்சாலிக் அமிலத்தால் வெளுக்கலாம். அது நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் செய்யவேண்டாம், தொழில்முறை ஆளிடம் கொடுங்கள். எனது விருப்பத்தைக் கேட்டால், ஒரு வளையத்துக்காக மேசை முழுவதும் வெளுக்கத் தேவையில்லை. மேசைச் சீலை போதும்.

அறிகுறி 3: பூச்சு வெடித்து, முதலைத் தோல் மாதிரி இருக்கிறது

யன்னலோரம் வெயில் பட்ட பக்கம் மட்டும் இப்படியா என்று பாருங்கள். அப்படியென்றால் முதல் மருந்து பொருளை இடம் மாற்றுவது.

அரக்கென்றால் நல்ல செய்தி. ஸ்பிரிற் நனைத்த மெல்லிய தூரிகையால் வெடிப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் அரக்கு இளகி, தானே ஓடிச் சேர்ந்து, வெடிப்பு மூடும். ஒரு லாச்சி முகப்பில் முதலில் செய்து பாருங்கள். லாக்கர் என்றால் தின்னருக்கும் இதே குணம் உண்டு. ஆனால் மணம் கடுமையானது, வளவுக்குள் வைத்துச் செய்யுங்கள்.

வார்னிஷ் அல்லது பொலியூரிதேன் தோல் தோலாக உரிந்தால் இளக்கி ஒட்ட முடியாது. உரித்தெடுக்கத்தான் வேண்டும். சுரண்டிப் பொலிஷ் அடி என்று நானே சொல்கிற சில இடங்களில் இது ஒன்று. அந்தப் பூச்சு பெரும்பாலும் பிந்தி வந்த கை. அதை எடுத்தால் பழையதற்கு நட்டமில்லை. ஆனால் உரிப்பதற்கு இரசாயனமும் மரச் சுரண்டியும் போதும், மெஷின் வேண்டாம். மேலே மரத்தோல் (வெனியர் என்ற மெல்லிய மரத்தகடு) ஒட்டின பலகையாக இருந்தால் அதன் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். மெஷின் ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் கீழ்ப்பலகை பல்லைக் காட்டும்.

முதிரையை எப்படியும் தேய்க்க வேண்டி வந்தால் முகமூடியும் நீளக்கைச் சட்டையும் போடுங்கள். அந்தத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். எனக்கு முழங்கைக்குக் கீழே கிழமைக் கணக்கில் நின்றிருக்கிறது.

அறிகுறி 4: கை வைத்தால் ஒட்டுகிறது

கதிரைக் கைப்பிடியில் மட்டும் ஒட்டினால் வியர்வையும் தலை எண்ணெயும். சவர்க்காரத் துணி, பிறகு டேர்பன்டைன் துணி.

பொருள் முழுவதும் ஒட்டினால் யாரோ தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ பூசியிருக்கிறார்கள். மரம் மினுங்கும் என்று நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் தேங்காய் எண்ணெய் காய்கிற எண்ணெய் அல்ல. சோளகக் காற்றுக் காலத்தில் முற்றத்துத் தூசி முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். டேர்பன்டைனால் இரண்டு மூன்று முறை துடைத்தெடுத்து, நிழலில் காயவிட்டால் சரி. காய்கிற எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். அதைப் பூசின துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். சுருளுக்குள் சூடு ஏறித் தானே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

துடைத்தும் ஒட்டினால், காயாமல் நின்ற வார்னிஷ். மாரியில் அடித்த வார்னிஷுக்கு இது நடக்கும். தை, மாசி வரட்டும் என்று விட்டுப் பாருங்கள். அப்போதும் காயாவிட்டால் உரித்தெடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி 5: அடியில் தூள் கொட்டியிருக்கிறது

பொலிஷ் பற்றிய எல்லாக் கேள்வியையும் இங்கே நிறுத்துங்கள். உயிருள்ள பூச்சியின் மேல் பொலிஷ் அடிப்பது பயனில்லாத வேலை.

தூளை ஒரு கறுப்புக் கடதாசியில் எடுத்து விரலால் நசுக்குங்கள்.

*மா மாதிரி வழுக்கினால்* உளு வண்டு. மரத்தில் குண்டூசித் தலை அளவு துவாரம் இருக்கும். இது பெரும்பாலும் வெளிற்றைத்தான், அதாவது மரத்தின் வெளிப்புற மென்பகுதியைத்தான், தின்னும். நடுவிலுள்ள கடினமான வைரத்தைத் தொடாது. அதனால் முகப்பில் நல்ல தேக்கோ முதிரையோ இருக்க, பின்பலகையும் லாச்சி அடியும் மட்டும் உளுத்திருப்பதைத்தான் அடிக்கடி காண்கிறோம்.

*கசகசா மாதிரி உருண்டு, கடினமாக இருந்தால்* மரத்துக்குள்ளேயே கூடு வைக்கும் உலர்மரக் கறையான். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அந்த மணிகளுக்கு ஆறு பக்கம் தெரியும்.

*தூளே இல்லாமல் மண் கோடு கால் வழியே ஏறியிருந்தால்* நிலத்துக் கறையான். வியாதி கதிரையில் அல்ல, வீட்டில். சுவரையும் கதவு நிலையையும் பாருங்கள்.

அடுத்தது, பூச்சி இப்போதும் இருக்கிறதா, பாட்டன் காலத்தில் போய்விட்டதா? துவாரத்தின் உட்பக்கம் மங்கிக் கறுத்திருந்தால் பழசு. புது மர நிறத்தில் இருந்தால் புதுசு. உறுதிப்படுத்த, எல்லாத் தூளையும் தூரிகையால் தட்டி, கீழே கறுப்புக் கடதாசி விரித்து, இரண்டு கிழமை அசைக்காமல் விடுங்கள். கடதாசி சுத்தமாக இருந்தால் நிம்மதி. துவாரங்களை மெழுகால் அடைத்து விடலாம், விடாமலும் இருக்கலாம்.

தூள் விழுந்தால், தைக்கிற ஊசியால் துவாரங்களைச் சுற்றிக் குத்துங்கள். நுனி மட்டும் இறங்கினால் மேலோட்டம். போரிக் கலந்த மருந்துக் கரைசல் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். அதைப் பூச்சில்லாத பக்கத்தில், அடியிலும் உள்ளேயும் தடவுங்கள். பொலிஷ் உள்ள முகத்தில் தடவினால் உள்ளே இறங்காது, வீண். மண்ணெண்ணெய் பூசுவது நம் பழக்கம். மணம் தங்கும், மரத்துக்குள் ஆழத்தில் இருக்கும் புழுவை அது கொல்லாது.

ஊசி பாதி இறங்கினால், அதுவும் பாரம் தாங்கும் காலில் இறங்கினால், அந்தக் கதிரையில் யாரையும் இருத்தவேண்டாம். ஆசாரியாரைக் கூப்பிடுங்கள். கால் முழுவதையும் மாற்றத் தேவையில்லாமல், கெட்ட துண்டை மட்டும் வெட்டி அதே மரத்தில் துண்டு பொருத்துவார். உலர்மரக் கறையான் பெரிய அலுமாரியில் பல இடத்தில் இருந்தால், புகையூட்டும் பயிற்சி பெற்ற பூச்சிகொல்லி ஆள்தான் வழி.

வெயிலில் போட்டால் பூச்சி ஓடிவிடும் என்பார்கள். எங்கள் சித்திரை வெயிலில் போட்ட அலுமாரிக் கதவு நெளிந்து, பிறகு பூட்டில் பொருந்தவே இல்லை. அந்தக் கதவை இன்னும் பட்டறையில் சாத்தி வைத்திருக்கிறேன்.

அறிகுறி 6: ஆடுகிறது, இறுகுகிறது, தொய்கிறது

லாச்சி மாரியில் இறுகி, சோளகத்தில் ஓடினால் அது வருத்தமில்லை. மரம் ஈரம் குடித்து ஊதுகிறது, அவ்வளவுதான். மாரியில் சீவிவிட்டால் வெய்யில் காலத்தில் லொடலொடவென்று ஆடும். ஓடும் விளிம்பில் மெழுகுதிரியைத் தேயுங்கள்.

கதிரை ஆடினால் ஆணி அடிக்காதீர்கள். பழைய பொருத்துகள், கழுந்து என்ற முளை துளைக்குள் இறங்கி, வச்சிரப் பசையில் நிற்பவை. வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், பிரித்து மறுபடி ஒட்டலாம். ஆணி அடித்தால் அடுத்த முறை கழுந்தே பிளக்கும்.

பிரம்பு தொய்ந்து, ஆனால் அறாமல் இருந்தால், கதிரையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைச் சுடுதண்ணீர்த் துணியால் நன்றாக நனைத்து நிழலில் காயவிடுங்கள். இறுகி வரும். ஒரு இழை அறுந்தாலும் பிரம்பு பின்னுகிறவரிடம் கொடுங்கள். ஊரில் அந்தக் கை உள்ளவர் குறைந்துகொண்டே வருகிறார்கள், தெரிந்தவர் இருந்தால் வேலை கொடுங்கள்.

அறிகுறி 7: மேலே பெயின்ற் அடித்திருக்கிறது

கலியாண வீடு, பொங்கல் என்று வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும்போது மிஞ்சினதை அலுமாரிக்கும் அடித்துவிடுகிற வழக்கம் இருந்தது. பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்தபடி தேய்க்கவே வேண்டாம். தூள் பிள்ளைகளின் கையிலும் வாயிலும் போகும்.

மறைவான மூலையில் ஒரு சின்னத் துண்டை நகத்தால் கிளப்புங்கள். கீழே மினுக்கம் தெரிந்தால், பொலிஷ் இருக்கும்போதே மேலே அடித்திருக்கிறார்கள். இது அதிர்ஷ்டம். பூச்சை அகற்றும் இரசாயனம் போட்டுப் பொறுமையாக எடுத்தால் பழைய முகம் கிடைக்கக்கூடும். கீழே வெறும் மரமும், குழிகளில் பெயின்ற்றும் இறங்கியிருந்தால் முழு மறுபொலிஷ்தான். அதற்குப் பட்டறையில் இரண்டு மூன்று கிழமை பிடிக்கும். வேலைக்குக் கொடுக்கும்போது "மெஷின் வேண்டாம், விளிம்பை உருட்ட வேண்டாம்" என்று வாயால் சொல்லி விடுங்கள்.

அறிகுறி 8: கூரையில்லா வீட்டில் கிடந்தது

இது மற்ற ஊர்க்காரருக்கு வராத கேள்வி. 1995 ஒக்ரோபர் 30 அன்று போர் நெருங்கி, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் வெளிக்கிட்டபோது தூக்க முடியாத பெட்டகமும் அலுமாரியும்தான் வீட்டோடு நின்றன. கூரை போன வீடுகளில் அவை பல மாரிகளை நனைந்தே கழித்தன. இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த ஊர்கள் விடுபட விடுபட, வளவுப் பற்றைக்குள்ளிருந்து இப்போதும் யாராவது ஒரு வாங்கையோ கட்டில் சட்டத்தையோ கொண்டுவருகிறார்கள்.

கொண்டுவந்த கையோடு கழுவவோ வெயிலில் வைக்கவோ வேண்டாம். நிழலான விறாந்தையில், நாலு காலுக்கும் செங்கல் கொடுத்து, காற்றோட்டமாக இரண்டு மாதம் விடுங்கள். வேகமாகக் காய்ந்தால் பிளக்கும்.

காய்ந்த பிறகு ஊசிச் சோதனை. சாம்பல் நிறத்தில் நார் எழும்பியிருந்தாலும் ஊசி இறங்காவிட்டால் மரம் உள்ளே உயிரோடு இருக்கிறது. மேல் நரைப்பு ஒரு கடதாசித் தடிப்புத்தான். வைரம் பாய்ந்த முதிரையும் பாலையும் இப்படித் தப்பி வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். இங்கே பழைய பூச்சு என்று காப்பாற்ற எதுவும் இல்லை, மறுபொலிஷ் அடிக்கலாம், அடிக்கவும் வேண்டும்.

ஆனால் ஒரு சோதனை முதலில். மரத்தில் கறுத்த கீறலோ, ஓரம் கிழிந்த துவாரமோ, அதைச் சுற்றி மை ஊறின மாதிரி நீலக்கறுப்போ இருந்தால், உள்ளே எறிகணைத் (செல்) துண்டு இருக்கலாம். இரும்பு இருக்கும் இடத்தில்தான் துவர்ப்பு அப்படிக் கறுக்கும். காந்தத்தை நூலில் கட்டி மெதுவாக மேலே ஓட்டுங்கள். இழுத்தால் அந்தப் பலகையைச் சீவுளிக்கோ வாளுக்கோ கொடுக்கவே கூடாது. அலகு உடைந்து பறக்கும். காந்தத்துக்குச் சிக்காத உலோகமும் உண்டு, அதனால் பட்டறையில் கொடுக்கும்போது வீடு எங்கே இருந்தது என்பதையும் சொல்லுங்கள். வளவில் பொருளோடு சேர்ந்து என்னவென்று தெரியாத உலோகச் சாமான் கிடந்தால் எதையும் தொடாமல் உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

துவாரத்தை அடைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். அது வீட்டுக்காரர் முடிவு. தெல்லிப்பழைப் பக்கத்து ஒரு குடும்பம் பெட்டகக் கதவில் இருந்த மூன்று துவாரங்களையும் அப்படியே விடச் சொன்னது. சுற்றியிருந்த துருவை மட்டும் நிறுத்தி, மேலே மெழுகு கொடுத்தேன். கதவைத் திறந்தால் பின்னேர வெயில் அந்த மூன்று துவாரத்தாலும் உள்ளே விழுகிறது.

அறிகுறி 9: பழுது எதுவும் இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்ப "வடிவாக்க" வேண்டும்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் அம்மம்மாவின் பெட்டகத்தைக் கேட்பது இப்போது அதிகம். அனுப்புவதற்காகச் சுரண்ட வேண்டாம். முதலில் சட்டம் பாருங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று கருதத்தக்க பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போன நாள் அது. உங்கள் பொருள் அதற்குப் பிந்தியதுதான் என்று நினைத்தாலும், கப்பலில் ஏற்ற முன்னர் தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்டுவிடுங்கள். சுரண்டி வயதை அழித்த பொருளுக்கு வயதை நிரூபிப்பதும் கடினம்.

மூடியின் உட்பக்கம், லாச்சியின் பின்பக்கம் ரோச் அடித்துப் பாருங்கள். ஒரு பெட்டக மூடியின் உள்ளே பென்சிலால் எழுதின நெல்லுக் கணக்கு இருந்தது. பக்கத்திலேயே சுண்ணாம்பால் ஒரு பிள்ளை போட்ட அ, ஆ. வெளியே பொலிஷ் கேட்டவர்கள் அதைக் கண்டதும் உள்ளே துணிகூடப் படவேண்டாம் என்றார்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் கட்டினோம்.

கட்டும்போது பொலித்தீனை நேராகச் சுற்ற வேண்டாம். அரக்கு சூட்டில் இளகி, பொலித்தீனின் சுருக்கம் அப்படியே முகப்பில் பதிந்துவிடும். முதலில் பழைய பருத்திச் சீலை, அதற்கு மேல் கடதாசி அட்டை, மூலைகளுக்குத் தும்பு. பொலித்தீன் எல்லாவற்றுக்கும் வெளியே.